யார்-சொன்னது மேடம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் யூனிஸுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'யார்-சொன்னது மேடம்'. எனக்கு வைத்தது 'ஃபைன் ஆத்தா'. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒருநாள் தாமதமானாலும் அபராதம் போட்டே தீருவேன். அதனால் என் பெயரில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. யூனிஸின் பெயரை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதை விளையாட்டாக வைத்த பிள்ளைகளுக்கு, அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது என்று தெரியாது.

கிழக்குத் தாம்பரத்தில், மின்சார ரயிலின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது கல்லூரி. எண்பதுகளின் நடுவில் யூனிஸ் ரெஃபரன்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட வயதில் இளையவள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, மொடமொடவென்று கஞ்சி போட்ட நூல் புடவை. வந்த புதிதில் அவளைப் பார்த்து, இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நினைத்தேன்.

மற்ற இடங்களில் நூலகர் என்றால், பையன் வந்து "இதைப் பத்தி புக் இருக்கா மேடம்?" என்று கேட்பான், இவர் விரலை நீட்டி அலமாரியைக் காட்டுவார், கதை முடிந்தது. யூனிஸிடம் அந்தக் கதை ஆரம்பிக்கவே அரை மணி நேரம் ஆகும். உட்கார வைத்து, உனக்கு என்ன தெரிய வேண்டும், ஏற்கெனவே என்ன தெரியும், அதை யார் சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். தேர்வு நெருங்குகிற நேரத்தில் பிள்ளைகளுக்கு அழுகையே வந்துவிடும்.

ஸ்ரீரங்கன் என்று ஒரு பொருளாதார மாணவன் இருந்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். முதல் வரியே, 'இச்சந்தை முந்நூறு ஆண்டுகள் பழமையானது என்பர்' என்று இருந்தது. யூனிஸ் அந்தக் கடைசிச் சொல்லின் மேல் பென்சிலை வைத்தாள்.

"என்பர்னு போட்டிருக்கியே, யாருப்பா அவர்?"

"புக்ல இருக்கு மேடம்."

"எந்த புக்ல?"

அவன் புத்தகத்தைக் கொண்டுவந்தான். அதிலும் 'என்பர்'தான். அடிக்குறிப்பில் ஏதோ ஒரு கோயில் கும்பாபிஷேக மலரின் பெயர் இருந்தது. மலரைத் தேடிப் பிடித்து வரச் சொன்னாள். பாவம், அவனும் அலைந்து திரிந்து கொண்டுவந்தான். அதில் 'சொல்லப்படுகிறது' என்றிருந்தது. யூனிஸ் சிரித்துவிட்டாள்.

"என்பர் வீட்டுக்குப் போனா, சொல்லப்படுகிறது வீட்டைக் கைகாட்டுறாங்க. அங்க போனா வீடே இல்ல, வாசப்படி மட்டும்தான் இருக்கு. நீ குடிபோகப் போறியா?"

ஸ்ரீரங்கன் முறைத்துக்கொண்டு போனான். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, சந்தையின் வயதைச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினான். அவனுடைய பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, யூனிஸுக்குப் பிடித்தது. தெரியாது என்று எழுத ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் அவள் முகம் மலர்ந்திருக்கும். இப்படியும் ஒரு பிறவி என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இன்னொரு பைத்தியமும் அவளுக்கு உண்டு. அந்தக் காலத்தில் நூல் பட்டியல் என்பது மர இழுப்பறைகளில் அடுக்கிய அட்டைகள். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால், ஒரே எழுத்தாளரின் பெயர் இரண்டு மூன்று இழுப்பறைகளில் சிதறிக் கிடக்கும். அதற்கு 'இந்தப் பெயரை இங்கே காண்க' என்று வழிகாட்டும் அட்டைகள் எழுதிப் போடுவாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அதுதான் வேலை. "கிடைக்கலன்னு வந்து நிக்காதே. வேற எழுத்துல தேடிப் பார்த்தியா? பேரு ஒண்ணுதான்மா. ஆனா ஒவ்வொரு காதும் ஒவ்வொரு விதமா எழுதும்" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவாள்.

அவளுடைய கணவன் சவுரிமுத்து எலெக்ட்ரீஷியன். அவன் கத்தோலிக்கன், இவள் சி.எஸ்.ஐ. கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டிலிருந்து இரண்டு கோயிலுக்கு இரண்டு திசையில் கிளம்பினார்கள், மத்தியானம் ஒரே குழம்பைச் சாப்பிட்டார்கள், சண்டை ஓய்ந்தது. பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்தில் சின்ன வீடு. மாமியார் செல்லம்மா அவர்களோடு இருந்தாள். பிள்ளை பிறக்கவில்லை.

சவுரிமுத்து சில நாள் மாலையில் அவளை அழைத்துப்போக சைக்கிளில் வருவான். என் கவுன்டருக்கு எதிரில் நின்று வம்பளப்பான். "அக்கா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி கீதுன்னு சொன்னா, யார் சொன்னதுன்னு கேக்குதுக்கா. நாக்கு சொல்லுச்சின்னேன், அது ஒரே சாட்சிதானேங்குது!" என்று சொல்லிச் சிரிப்பான். பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'வூட்ல' என்பான், 'கேக்குது', 'சொல்லுது' என்பான். கூப்பிட வேண்டுமானால் 'இந்தா'. எட்டூருக்குக் கேட்கிற குரல் அவனுக்கு, ஆனால் அவள் பெயர் மட்டும் அந்த வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"என் பேரைச் சொன்னா வாய் வெந்துடுமாக்கா?" என்று அவளே என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

"என் வீட்டிலும் அதே கதைதான்" என்றேன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

எண்பத்தெட்டில் அவன் குவைத்துக்குப் போனான். தளம் போட்டுவிடலாம், மேலே ஒரு அறை கட்டலாம் என்று எல்லோரையும் போலத்தான் போனான். தொண்ணூறு ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு நூலகத்தின் பத்திரிகைக் கூடம்தான் கண்ணில் நிற்கிறது. ஊரிலிருந்து வருகிற எல்லா நாளிதழையும் யூனிஸ் நின்றபடியே படிப்பாள். விமானத்தில் பம்பாய் வந்து இறங்கியவர்கள், பாலைவனத்துக் கூடாரங்களில் தங்கியிருப்பவர்கள் என்று எது வந்தாலும் கத்தரித்து அட்டைப்பெட்டியில் போடுவாள். எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினாள். பதிவில் அந்தப் பெயர் இல்லை என்று பதில் வந்தது. பெயரை நான்கு விதமாக எழுதி மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் இல்லை என்றார்கள்.

வருஷம் முடிவதற்குள் பெருங்களத்தூர் சேட்டு திரும்பி வந்தான். அவனும் குவைத்துக்குப் போனவன்தான். வந்தவன் நேராகச் செல்லம்மாவிடம் போய், தாம்பரத்துக்காரர் முத்துன்னு ஒருத்தர் வழியிலேயே பூட்டாராம் என்று போட்டு உடைத்தான். செல்லம்மா தெருவில் விழுந்து புரண்டாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. யூனிஸ் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது வீட்டு வாசலில் ஷாமியானா போடுவதற்கு ஆள் நின்றிருந்தான்.

அவள் சேட்டுவைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யார் சொன்னது? நீங்க பார்த்தீங்களா?"

அவன் பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்த வில்லிவாக்கத்துச் சமையல்காரர் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யூனிஸ் வில்லிவாக்கம் போனாள், துணைக்கு நானும் போனேன். சமையல்காரரும் பார்க்கவில்லை. கூடாரத்தில் பேசிக்கொண்டார்களாம். யார் பேசினார்கள்? அவருக்குத் தெரியவில்லை. "எல்லாரும் பேசிக்கினாங்கம்மா" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் சொன்னாள்: "பார்த்தியாக்கா? வாசப்படி மட்டும்தான் இருக்கு. முத்துன்னு மெட்ராஸ்ல எத்தனை ஆயிரம் பேர் இருப்பாங்க? ஆதாரமில்லாம ஒரு வரியை அடின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு, என் புருஷனை எப்படிக்கா நான் ஆதாரமில்லாம புதைக்கிறது?"

அவன் போய்விட்டான் என்றுதான் என் மனதுக்குப் பட்டது. அதை நான் வாய்திறந்து சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் அந்த வீட்டில் ரகளை. நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுத்துப் பூசை வைப்பார்கள். செல்லம்மா அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுவாள். "எம்புள்ளைக்கு ஒரு பூசை கெடையாதா? அது ஆத்துமா எங்க அலைஞ்சிக்கினு கீதோ! படிச்ச திமிரு இவளுக்கு!" என்று தெருவே கேட்க அழுவாள். யூனிஸ் வாசலில் நின்று, "யார் சொன்னது அத்தை அவர் இல்லன்னு? பார்த்தவங்க யாராவது வந்து சொல்லட்டும், நானே போய்ப் பேர் கொடுக்கறேன்" என்பாள். செல்லம்மா முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்தச் சண்டைகளில் ஒன்றிரண்டுக்கு நானே சாட்சி. எனக்கு வேடிக்கையாகப் பட்டது என்னவென்றால், இவ்வளவு அழுத பிறகு கிழவி தட்டைப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிடும். பசி யாரை விட்டது என்று அப்போது நினைத்தேன்.

கல்லூரியில் மட்டும் சும்மா இருந்தார்களா? ஓய்வறையில் உட்கார்ந்து, பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இன்னும் பூ வைத்துக்கொண்டு வருகிறாளே என்று முணுமுணுத்தார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பூ உங்க வீட்டுச் செடியிலயா பூத்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் என் காதுபடப் பேசுவதை நிறுத்தினார்கள். நரம்பில்லாத நாக்கு, வேறெங்கோ பேசியிருக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. நூலகத்துக்கு ஒரு கணிப்பொறி வந்து, உறை போட்டு மூடிவைக்கப்பட்டது. யூனிஸ் தன் அட்டைகளை எழுதிக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றைந்தில் மெஹர் பானு எம்.ஃபில். சேர்ந்தாள். பல்லாவரத்துப் பெண். அவள் அப்பா தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரி. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இங்கே எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. தலைப்பைக் கேட்டதும் நான் யூனிஸின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்து, சவுரிமுத்துவுக்காகச் சேர்த்த பத்திரிகைத் துண்டுகள் இருந்த பெட்டியை அப்படியே தூக்கி அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள்.

"இது எனக்காகச் சேர்த்தது. உனக்கு உபயோகப்படும்" என்றாள்.

வேறு கல்லூரிகளிலிருந்து ஆய்வேடுகளை இரவல் வரவழைத்துக் கொடுத்தாள். அரசாங்க அறிக்கைகளில் எந்தப் பக்கத்தை நம்பலாம், எந்தப் பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று காட்டினாள். ஆட்களைப் போய்ப் பார்க்கும்போது டேப் ரெக்கார்டர் எடுத்துப் போகச் சொன்னாள். "அவங்க பார்த்ததை ஒரு பக்கம் எழுது, கேட்டதை இன்னொரு பக்கம் எழுது. ரெண்டையும் கலந்துடாதே. கேட்டதுன்னா யார்கிட்ட கேட்டாங்கன்னு அவரையும் போய்ப் பாரு" என்றாள். மெஹர் பானு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பல்லாவரத்துச் சந்துகளில் அலைந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவள் நூலகத்துக்குள் வந்தாள். நேரே யூனிஸிடம் போகாமல் என் கவுன்டருக்கு வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"காந்திமதி மேடம், யூனிஸ் மேடத்தோட வீட்டுக்காரர் பேரு என்ன?"

"சவுரிமுத்து."

"முத்துன்னு கூப்பிடுவாங்களா?"

"வேலை செய்யற இடத்துல அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஏன்மா?"

அவள் கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். பல்லாவரத்தில் காஜா என்று ஒரு தையல்காரரைப் பேட்டி எடுத்திருக்கிறாள். அவர் குவைத்திலிருந்து பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்தவர். கூடாரத்தில் அவர் பக்கத்தில் தாம்பரத்துக்காரர் ஒருவர் படுத்திருந்தாராம், பெயர் முத்து. நாளைக்கு விமானம் வரும், நாளன்றைக்குக் கப்பல் வரும் என்று யார் எதைச் சொன்னாலும், 'யார் சொன்னது? நீ பாத்தியா?' என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாராம். எங்க வூட்ல இப்படித்தான் கேக்கும் என்பாராம். அந்தக் கூடாரத்திலேயே ஜுரத்தில் போய்விட்டாராம்.

சொல்லாதே என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் ரெஃபரன்ஸ் மேசையிலிருந்து யூனிஸ் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே எழுந்து வந்தாள்.

மெஹர் பானு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டாள்.

"யார் சொன்னது?"

"பார்த்தவர் சொன்னார் மேடம்."

யூனிஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டாள். "நீ சொன்னா அது ரெண்டாவது வாய்தான்மா. என்னை அவர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள்.

நாங்கள் மூவரும் உடனே கிளம்பினோம். அன்று சந்தை நாள். பல்லாவரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய இரும்புக்கும் கோழிக்கும் ரோஜாச் செடிக்கும் நடுவில் இடித்துக்கொண்டு நடந்தோம். காஜாவின் கடை ஒரு தையல் மெஷின் வைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. மெஹர் பானு, "இவங்கதான் யூனிஸ் மேடம், அவரோட வீட்டம்மா" என்றதும் அவர் மெஷினிலிருந்து எழுந்து நின்றார். கழுத்தில் தொங்கிய டேப் நழுவி விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

"பேரு இன்னா சொன்னே பாப்பா?"

"யூனிஸ்" என்றாள் மெஹர் பானு.

காஜா தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் தேடாத எடம் இல்லக்கா. அவரு ஜுரத்துல கெடந்தாரு. தண்ணி இல்ல, மருந்து இல்ல. கடைசில என் கையப் புடிச்சிக்கினு, யூனுஸ்கிட்ட சொல்லுன்னாரு. நேர்ல போய் சொல்லு, இல்லாங்காட்டி நம்பாதுன்னாரு. யாரோ சிநேகிதரு, யூனுஸ் பாயின்னு நெனச்சிக்கினேன். ஊருக்கு வந்ததும் தாம்பரம் பள்ளிவாசல்ல போய் கேட்டேன். கறிக்கடை யூனுஸ் பாய், லாரி யூனுஸ் பாய், எல்லாரையும் பாத்தேன். யாருக்கும் முத்துன்னு ஒரு ஆளத் தெரியல. பேஜாராப் பூட்ச்சி."

யூனிஸ் மெதுவாகக் கேட்டாள். "அவர் யூனுஸ்னுதான் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க காதுல விழுந்தது என்ன?"

காஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"யூனிஸ்…னுதான்க்கா சொன்னாரு. ஜுரத்துல வாய் கொழறுதுன்னு, நான்தான் யூனுஸ்னு திருத்திக்கினேன். ஒரு ஆம்பளயப் போய், நம்பமாட்டான்னு சொல்லாம நம்பாதுங்கறாரேன்னு அப்பவே ஒரு மாதிரியா இருந்திச்சி. ஆனா எந்த ஆம்பள வேத்து ஆள்கிட்ட சம்சாரம் பேரைச் சொல்லுவான்? நல்லா இருந்த வரிக்கும் வூட்ல, வூட்லன்னுதானே சொன்னாரு."

மெஹர் பானு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பேட்டியின்போதே அந்த 'நம்பாது'தான் தன்னை உறுத்திற்று என்று பிறகு எனக்குச் சொன்னாள். வேறு எழுத்தில் தேடு என்று மேடம் சொன்னது அந்தச் சொல்லைக் கேட்டதும் ஞாபகம் வந்ததாம்.

யூனிஸ் அழவில்லை. மாணவர்களிடம் கேட்பதைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பக்கத்து நெற்றியில் தழும்பு, பேசும்போது கையை எப்படி வைத்துக்கொள்வார், அடக்கம் செய்தது யார், யார் யார் கூட இருந்தார்கள். காஜா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. ஒன்றாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று நான் மாடம்பாக்கத்து ஈசனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்களே மண்ணு போட்டீங்களா?"

"போட்டேன்க்கா. கழுத்துல ஒண்ணும் இல்ல, வழியிலயே எல்லாத்தையும் வித்துட்டோம். அவரு எந்தச் சாமி கும்புடறவருன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சத ஓதினேன்."

"நல்லது செஞ்சீங்க" என்று யூனிஸ் அவரைக் கும்பிட்டாள். அவர் குழந்தை மாதிரி விசும்பி அழுதார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றோம். இரண்டு மூன்று பஸ் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை. அவள் பார்வை ரோட்டின் மேலேயே இருந்தது.

"அக்கா, என் பேரைச் சொன்னாரு" என்றாள்.

அதற்கப்புறம்தான் உடைந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதையும் யாரோ ஒரு தையல்காரர் காதில்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் படுபாவி.

பீர்க்கன்கரணைக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரம். செல்லம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாம்மா, நீயாச்சும் சொல்லு இவளாண்ட. இந்த வருசமும் எம்புள்ளைக்குப் பூசை இல்லியாம்" என்று ஆரம்பித்தாள்.

யூனிஸ் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் பேர் கொடுத்துடலாம் அத்தை" என்றாள்.

கீரையைக் கிள்ளிய கை அப்படியே நின்றது. புள்ளைக்குப் பூசை, புள்ளைக்குப் பூசை என்று அத்தனை வருஷமாகத் தெருவைக் கூட்டிய மனுஷி, இப்போது மாரில் அடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மருமகளை வெறித்துப் பார்த்தாள்.

"யாரு சொன்னது?" என்றாள் செல்லம்மா.

"பல்லாவரத்துல ஒருத்தர், அத்தை."

"அவன் பாத்தானா? கண்ணால பாத்தானா?"

"பார்த்தார். கூடவே இருந்தார். மண்ணு போட்டவரே அவர்தான்."

"முத்துன்னு ஆயிரம் பேரு கீறான். நீதானே சொன்னே? நீதானேடி வருசா வருசம் சொன்னே?"

"நான் எல்லாம் கேட்டுட்டேன் அத்தை."

செல்லம்மா மடியிலிருந்த கீரையைத் தள்ளிவிட்டு, யூனிஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் சும்மா கத்துனேன்டி. நீ இல்லேம்பன்னு தெரிஞ்சிதான் பூட்டான் பூட்டான்னு கத்துனேன். நீ படிச்சவ, நீ கேட்டா சரியாத்தான் இருக்கும்னு உன்ன நம்பித்தானேடி இத்தினி வருசம் ஒரு வாய் துன்னேன். கேளுடி. யாரு சொன்னதுன்னு கேளுடி இன்னொரு தரம்."

வயிறாரச் சாப்பிட்ட கிழவியை நான் எவ்வளவு தப்பாக எடைபோட்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யூனிஸ் வாயைத் திறந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவளுக்கு இனி ஆள் இல்லை. மாமியாரின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் இல்லை, இல்லை என்று ஆட்டினாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு யூனிஸ்தான் கோயிலுக்குப் போய் சவுரிமுத்துவின் பெயரைக் கொடுத்தாள். பூசை நடந்தபோது அவள் பக்கத்தில் நானும் மெஹர் பானுவும் பின்வரிசையில் காஜாவும் உட்கார்ந்திருந்தோம். செல்லம்மா வரவில்லை.